மூன்று மாநிலத்துக்கு நடுவில் குடித்தனம்: கிரியான் ஆற்றோரத்தில் எது நம் ஊர்?

கிள்ளானில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அது நிபோங் திபால், பினாங்கு மாநிலம். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருக்கு மாற்றல் வந்திருப்பதோ பண்டார் பாரு மாவட்டம், கெடா. வீட்டுக்குச் சொல்லி வைத்தவர்கள் காட்டுவதெல்லாம் பாரிட் புந்தார், அது பேராக். "இது உண்மையில் எந்த வட்டாரம்? அங்கே இருப்பவர்கள் தங்களை எந்த ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்? வீட்டை எந்தப் பக்கம் எடுப்பது?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் பிறந்தது நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர். நான் அதே தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தேன். இப்போது குடியிருப்பது பாரிட் புந்தாரில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். அக்காவைக் கட்டிக் கொடுத்தது பண்டார் பாருவில். ஆக, மூன்று மாநிலமும் எங்கள் ஒரே குடும்பத்துக்குள் அடக்கம். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எல்லை தெளிவில்லாத ஊர் என்று எங்களைப் பற்றிச் சொல்வார்கள். கோடு என்னவோ வரைபடத்தில் கத்தியால் கீறியது போலத்தான் இருக்கிறது. பண்டார் பாருவுக்கும் பாரிட் புந்தாருக்கும் நடுவில் கிரியான் ஆறு. பாலத்தின் இந்த முனை பேராக், அந்த முனை கெடா. அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் பினாங்கு. வெற்றிலை போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறினால் அது சிவப்பதற்குள் மூன்று மாநிலத்தையும் பார்த்துவிடலாம். நீங்கள் வேலைக்குப் போகப்போகும் வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி நிபோங் திபால். ஆனால் நிபோங் திபால் பட்டணத்தைவிடப் பாரிட் புந்தார்தான் அதற்குப் பக்கம். மாணவர்கள் ரயிலில் வந்து இறங்குவது பேராக்கில், தூங்குவது பினாங்கில். வளாகமே முன்பு பேராக்கின் துரோனோவில் இருந்து 2001இல் இங்கே வந்ததுதான். எல்லையில் இருந்துகொண்டு எல்லை தாண்டுவதில் அதற்கும் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடு இங்கே ஏன் வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு காலத்தில் பினாங்குத் தீவும் எதிரே இருக்கும் கரையும் கெடா சுல்தானுடையவை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் தீவைப் பிடித்தார். 1800இல் எதிர்க்கரையிலும் ஒரு பட்டை நிலத்தைக் கம்பெனி எழுதி வாங்கியது. வடக்கே கோலா மூடா, தெற்கே கோலா கிரியான், கடலோரத்தில் இருந்து உள்ளே 60 ஒர்லோங் தூரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒர்லோங் என்பது நம் ஊரில் இன்றும் வயல் பேசும்போது சொல்கிற ரெலோங்தான். வயல் அளக்கிற கணக்கில் அளந்து வாங்கிய மாநில எல்லை! அப்போது இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் வெல்லெஸ்லி. பட்டைக்கு அவர் பெயரை வைத்து புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்றார்கள். இன்றைய செபராங் பிறை. தீவுக்கும் கரைக்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000 டாலர் கெடாவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அந்தப் பணம் சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. நடுவண் அரசு வருடா வருடம் 10,000 ரிங்கிட் கட்டிக்கொண்டே வந்தது. 2018இல்தான் அது ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது.

தெற்கு எல்லைக்குத் தனிக் கதை. 1874 பங்கோர் ஒப்பந்தம் என்றால் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்த கதை மட்டும்தான் பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். அதே ஒப்பந்தத்தில் கிரியான் பக்கத்து எல்லையையும் திருத்தி, ஆற்றுக்குத் தெற்கே ஒரு துண்டைப் பினாங்கோடு சேர்த்துக்கொண்டார்கள். பினாங்கில் நின்று பார்ப்பவனுக்கு அது கிரியானுக்கு அக்கரை. அதனால்தான் அங்கே இருந்த தோட்டத்துக்கு 'டிரான்ஸ்கிரியான்' என்று பெயர். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் அதை ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதே 1874இல் லுமுட், பங்கோர் தீவு உள்ள டிண்டிங்ஸ் பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள். அதை 1935இல் பேராக்கிடமே திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் துண்டைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் உங்கள் கேள்வி பாதி சின்னதாகியிருக்கும்.

ஆக, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இந்தச் சின்ன வட்டத்துக்குள் மூன்று விதமான ஆட்சி. நிபோங் திபால், நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்த நேரடி பிரிட்டிஷ் மண். பாரிட் புந்தார், 1896இல் அமைந்த கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்றான பேராக்கில். சுல்தான் உண்டு, ஆள்வது ரெசிடெண்ட். பண்டார் பாரு, 1909 வரைக்கும் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) அடங்கிய கெடாவில். அந்த வருடம் பாங்காக்கில் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் கெடா பிரிட்டிஷாரிடம் வந்தது. கிரியான் ஆற்றில் வலை வீசியவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் பிறப்புப் பத்திரத்துக்குத் தெரிந்திருந்தது. பினாங்கு மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. பக்கத்திலேயே கெடாவிலோ பேராக்கிலோ பிறந்த பிள்ளைக்கு, பிறந்த மண்ணை வைத்து அது கிடையாது. 1948க்குப் பிறகு குடியுரிமைப் பேச்சு வந்தபோது இந்த வித்தியாசம் தோட்டத்து மக்களை நன்றாகவே கடித்தது. ஒரே கங்காணி கொண்டுவந்த அண்ணன் தம்பி, ஒருவன் இந்தத் தோட்டத்தில் இறங்கினான், ஒருவன் அந்தத் தோட்டத்தில் இறங்கினான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜப்பான்காரன் காலத்தில் இன்னும் விசேஷம். 1943இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. போர் முடியும் வரை பண்டார் பாரு சயாம்காரன் நிர்வாகம், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜப்பான்காரன் நிர்வாகம். அக்காவின் மாமனார் அந்தக் காலத்துப் பையன். "நாங்க ஒரு இடத்துலயும் நகரலடா, நாடுதான் எங்க மேல ஏறி ஏறி இறங்குச்சு" என்பார். அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை.

இந்த வட்டாரம் தமிழ் பேசியதற்குக் காரணம் கரும்பு. செபராங் பிறையின் தெற்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள்தான் பெரிசு. ஒப்பந்தக் கூலியாக நம் ஆட்கள் முதலில் கூட்டமாக வந்து சேர்ந்த இடங்களில் இது ஒன்று. பிறகு கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை, செம்பனை போய் இப்போது தாமான். கலிடோனியா தோட்டத்தில் 99 கதவு பங்களா என்று ஒன்று பாழடைந்து நிற்கிறது. அதன் முதலாளி ராம்ஸ்டன் 1948இல் அங்கேயே சுடப்பட்டார். பேய் பார்க்கப் பையன்கள் போய்வருவார்கள். உங்கள் மாணவர்களும் கூப்பிடுவார்கள், போகாதீர்கள், படிக்கட்டு உறுதியில்லை. தோட்டங்கள் அழிந்தாலும் பெயர்கள் பள்ளிகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: பைராம், வால்டோர், ஜாவி, டிரான்ஸ்கிரியான். மரம் இல்லாத ஊரில் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பலகை நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள்.

சரி, பழங்கதை போதும். இன்றைக்கு இந்தக் கோடு எங்கே தட்டுப்படுகிறது?

அடையாளக் கார்டில் தட்டுப்படும். நடுவில் இருக்கும் இரண்டு எண் பிறந்த மாநிலத்தைச் சொல்லும். கெடாவுக்கு 02, பினாங்குக்கு 07, பேராக்குக்கு 08. அக்கா குடியிருப்பது கெடா. ஆனால் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி பாரிட் புந்தாரில். அதனால் அவள் பிள்ளைகள் மூவருக்கும் 08. என் மகள் பிறந்தது சுங்கை பாக்காப்பில், 07. நான் 07, என் வீட்டுக்காரி 02. ஒரு தீபாவளிக்கு எல்லாரும் கார்டை எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தோம், சீட்டாட்டம் போலத்தான் இருந்தது. எண்ணைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரர்கள் எங்களிடம் தோற்றுப்போவார்கள். காரின் எண்பலகையும் அப்படித்தான். பினாங்குக்குப் 'பி', கெடாவுக்குக் 'கே', பேராக்குக்கு 'ஏ'. ஒரே வீட்டு வாசலில் மூன்றும் நிற்கும்.

அஞ்சல் குறியீடு இன்னும் தமாஷ். பண்டார் பாருவின் குறியீடு 34950. முப்பத்து நான்கில் தொடங்குவதெல்லாம் பேராக் பக்கத்து எண்கள். ஆகவே ஊர் கெடா, குறியீடு பேராக் குடும்பம். கைப்பேசியில் சாமான் வாங்கும்போது எண்ணைத் தட்டினால் சில செயலிகள் தானாகவே பேராக் என்று போட்டுக்கொள்ளும். நாம் கெடா என்று மாற்றினால் 'முகவரி பொருந்தவில்லை' என்று சண்டைக்கு வரும். அக்கா இப்போதெல்லாம் என் வீட்டு முகவரிக்கே வரவழைத்துவிடுகிறாள். நான் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூலி ஒரு டம்ளர் காப்பி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு, அதைத்தான் நீங்களும் உங்கள் வீட்டாரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்: வார விடுமுறை.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராக்கிலும் சனியும் ஞாயிறும். உங்கள் மனைவி ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்குக் கிளம்புவார். நீங்கள் வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது அவர் வீட்டில் இருப்பார். இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். இது ஏதோ முதல் மாதத்துச் சங்கடம், பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் அக்காவும் மாமாவும் முப்பது வருடம் இப்படியே ஓட்டினார்கள். மாமா நிபோங் திபால் பக்கம் ஆலையில், அக்கா கெடாவில் பாலர் பள்ளியில். நம் ஆட்கள் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் கூட்டம் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிறவர்கள். அக்கா வராத கல்யாணங்களின் பட்டியல் ஒன்று சொந்தத்தில் இருக்கிறது. "கெடாக்காரி ஆயிட்டா, இனி எங்க வரப்போறா" என்று ஒரு பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். வீட்டுக்கும் மண்டபத்துக்கும் இடையே பத்து நிமிட தூரம்.

பிள்ளைகள் பிறந்த பிறகு இது இன்னும் இறுகும். பிள்ளையை அம்மா வேலை பார்க்கிற கெடாப் பள்ளியில் சேர்த்தால் அப்பாவின் ஞாயிறு தனி ஞாயிறு. இந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் அம்மாவின் வெள்ளி தனி வெள்ளி. பள்ளித் தவணை விடுமுறையும் கெடாவுக்கு ஒரு நாள் முன்பே தொடங்கும். ஒரு நாள்தானே என்று தோன்றும். ஊருக்குப் போக ரயில் சீட்டு எடுக்கும்போது தெரியும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கெடாவில் அரசாங்க அலுவலகம், வங்கி எல்லாம் திறந்திருக்கும். எந்தக் கிளையிலும் முடிக்கக்கூடிய வேலை என்றால் லீவு போடாமல் ஞாயிற்றுக்கிழமை ஆற்றைத் தாண்டிப் போய் முடித்துக்கொண்டு வந்துவிடலாம். தோட்டத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பொது விடுமுறையும் மூன்று வகை. கெடா சுல்தான் பிறந்தநாள் ஜூனில், பினாங்கு ஆளுநர் பிறந்தநாள் ஜூலையில், பேராக் சுல்தான் பிறந்தநாள் நவம்பரில். நம்மவர்களுக்கு முக்கியம் தைப்பூசம். பினாங்கிலும் பேராக்கிலும் அது நிலையான மாநில விடுமுறை. கெடாவில் மாநில அரசு மனம் வைத்துக் கொடுக்கிற சிறப்பு விடுமுறை; 2021இல் கொடுக்கவில்லை, பெரிய சர்ச்சையானது. பூசத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் வரும். பினாங்குத் தண்ணீர்மலை என்பார்கள் பாதிப் பேர். ஈப்போ கல்லுமலை என்பார்கள் சிலர். சுங்கைப் பட்டாணி என்பதும் உண்டு. நேர்த்திக்கடன் எந்த மலையில் விழுந்ததோ அந்த மலை. மாநிலத்தைப் பார்த்து யாரும் காவடி எடுப்பதில்லை.

கோயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பினாங்கில் மட்டும் இந்து அறப்பணி வாரியம் என்று சட்டப்படி அமைந்த ஒன்று இருக்கிறது. அதன் வேர் 1906இல் போட்ட அறக்கட்டளைச் சட்டத்தில். கோயில், சுடுகாடு, நிலம் என்று ஒரு பிரச்சினை வந்தால் பினாங்குக்காரனுக்குத் தட்ட ஒரு கதவு உண்டு. அந்தக் கதவு எப்போதும் திறக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவு இருக்கிறது. பினாங்குக்கு வெளியே கோயில் என்றால் சங்கப் பதிவு, செயற்குழு, நில அலுவலகம் என்று அவரவரே அலைய வேண்டியதுதான். நிலம் மாநில அரசின் கையில் இருக்கிற விஷயம் என்பதால், ஒரே மாதிரித் தோட்டத்தில் ஒரே காலத்தில் கட்டிய இரண்டு மாரியம்மன் கோயில்களின் தலைவிதி, அவை எந்தக் கோட்டுக்குள் விழுந்தன என்பதைப் பொறுத்து மாறிவிடும். திருவிழாவுக்கு உபயம் கொடுப்பவர்கள் மூன்று பக்கமும் ஒரே ஆட்கள்தான், அதில் மாற்றம் இல்லை.

மற்ற இனத்தாருக்கும் இந்தக் கோடு ஒட்டவில்லை. பாரிட் புந்தார்ச் சீனர் பேசுவது ஹொக்கியனும் தியோசியூவும். அதே மாநிலத்து ஈப்போவில் காண்டனிஸ். மலாய்க்காரர்கள் பேசுவது வடக்கத்தி மலாய். 'நீ' என்பதற்கு 'ஹாங்', 'ஏன்' என்பதற்கு 'அவாட்', 'போ' என்பதற்கு 'பி'. பாகான் செராய் பக்கம் பஞ்சார் மலாய்க்காரர்களும் நிறைய. நாங்களும் இந்த மலாயைத்தான் கற்றோம். நான் ஒரு முறை ஈப்போவில் ஒரு அலுவலகத்தில் வாயைத் திறந்ததும் அந்த அம்மா, "அண்ணே, கெடாவா?" என்றார். பேராக் என்றேன். நம்பவில்லை. தீவுக்குப் போனால் வேறு கதை. அங்கே உள்ளவர்களுக்குப் பட்டர்வொர்த் தாண்டினால் எல்லாம் ஒன்றுதான், "அந்தப் பக்கம்". கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரில் பண்டார் பாரு என்று சொன்னால், "அது பேராக் இல்லையா?" என்பார்கள். மூன்று தலைநகரங்களுக்கும் நாங்கள் கடைக்கோடி. சாலை விளக்கு எரியாவிட்டால் இது நன்றாகப் புரியும்.

திட்டம் போடுகிறவர்களுக்கே இது ஒரே வட்டாரம் என்று தெரியும். 2007இல் வட மண்டலப் பொருளாதாரத் திட்டம் வந்தபோது பெர்லிஸ், கெடா, பினாங்கோடு பேராக்கின் வடபகுதியை மட்டும் வெட்டிச் சேர்த்தார்கள். பாரிட் புந்தார் உள்ள கிரியான் மாவட்டம் அதில் இருந்தது. காலை ஐந்தரைக்குப் பாரிட் புந்தாரில் நின்று பாருங்கள். பினாங்கு மாநிலத்துப் பத்து காவான், ஜூரு பக்கத்து ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகள் வரிசையாக நிற்கும். மாலையில் அந்தப் பணம் பாரிட் புந்தார்க் கடைகளில் செலவாகும். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களுக்கும் இது வாடிக்கைதான். 2023 முதல் நம்பர் கடை உரிமங்களைப் புதுப்பிப்பதில்லை என்று கெடா அரசு முடிவெடுத்த பிறகு பாலத்தில் இந்தப் பக்கம் வருகிற மோட்டார்கள் கூடிப்போயின என்பது என் கண்ணால் கண்டது.

கோடு உண்மையிலேயே சுவரானது ஒரே ஒரு முறை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பிறகு தளர்த்தினார்கள், மறுபடி இறுக்கினார்கள். மாநிலம் தாண்டக்கூடாது என்பது மட்டும் நீண்ட காலம் நின்றது. தடுப்பூசி போட்டவர்கள் தாண்டலாம் என்று ஆனது 2021 அக்டோபர் 11இல்தான். கோலாலம்பூரில் உட்கார்ந்து பார்த்தால் மாநிலம் தாண்டுவது என்பது நெடுஞ்சாலைப் பயணம். எங்களுக்கு அது மீன் வாங்கப் போவது. என் வீட்டுக் கூரையில் ஏறினால் அக்காவின் ஊர் தெரியும். அவளுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோக நான் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பாலத்து முனையில் நின்ற போலீஸ்காரப் பையன் பையை வாங்கி, உள்ளே பார்த்துவிட்டு, "கறி வாசமா இருக்கே அங்கிள்" என்று மலாயில் சிரித்து, நடந்துபோய் எதிர்ப்பக்கத்து ஆளிடம் கொடுத்தான். அவன் செய்தது விதிப்படி சரியா என்று தெரியாது. அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

வேறொரு அடி எனக்கு முன்பே விழுந்திருந்தது. எங்கள் தோட்டத்தை விற்றபோது லயத்தில் இருந்தவர்கள் மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட்டோம். நான் அப்போது கல்யாணமாகிப் பாரிட் புந்தாரில் வாடகைக்கு இருந்தேன். ஓட்டும் அங்கே பதிந்திருந்தது. தோட்டம் இருந்த பக்கத்து அலுவலகத்தில், நீங்கள் இந்த மாநில வாக்காளர் இல்லை என்றார்கள். குடியிருந்த பக்கத்து அலுவலகத்தில், உங்கள் தோட்டம் எங்கள் மாநிலத்தில் இல்லை என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி. கடைசியில் சேமநிதிப் பணத்தை எடுத்துத்தான் இந்த வீட்டை வாங்கினேன். அதனால் உங்களுக்கு ஒரு யோசனை: இங்கே வந்தவுடன் கார்டு முகவரி, ஓட்டு, கார், பிள்ளையின் பள்ளி இவற்றை ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பக்கம் சிதறவிட்டால் எந்தச் சலுகையும் கைக்கு எட்டாது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஒரு வருடம் வாடகைக்கே இருங்கள், பாரிட் புந்தாரில். ஆஸ்பத்திரி, சந்தை, இ.டி.எஸ். என்கிற மின்சார விரைவு ரயில் நிற்கும் நிலையம் எல்லாம் அங்கே. உங்களுக்கும் வேலை பக்கம். உங்கள் மனைவிக்கு மாவட்டத்தில் எந்தப் பள்ளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பண்டார் பாரு பட்டணம் என்றால் பாலம் தாண்டினால் போதும்; மாவட்டத் தலைமையிடமான செர்டாங் பக்கம் என்றால் தினமும் கொஞ்சம் ஓட வேண்டும். வாங்குவதென்று முடிவெடுத்தால் பேராக்கிலும் கெடாவிலும் நம்மவர்கள் வாங்க முடியாத மலாய் ஒதுக்கீட்டு நிலம் உண்டு, பினாங்கில் அது இல்லை. ஆகவே ஆற்றுக்கு எந்தக் கரையானாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் நிலப்பட்டாவை வக்கீலிடம் காட்டுங்கள். விலை பினாங்குப் பக்கம் கூடுதல்தான். பதிலுக்குப் பினாங்கு மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் தனியாக நிதி கொடுக்கிறது, அறப்பணி வாரியம் இருக்கிறது. பிள்ளைகளை நினைத்து நிபோங் திபால் பக்கம் வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால், வார விடுமுறையைச் சமாளிக்க உங்கள் மனைவி இந்தப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப்போடுவதை வந்த முதல் மாதமே தொடங்கிவிடலாம். கிடைக்கக் காலம் பிடிக்கும்.

எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். கேட்பவரைப் பார்த்துச் சொல்வோம். கோலாலம்பூர்க்காரர் கேட்டால் "பினாங்குப் பக்கம்". ஈப்போக்காரர் கேட்டால் "பாரிட் புந்தார்". பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் தோட்டத்தின் பெயர், ஏனென்றால் அவர்கள் கேட்பது வேறு விஷயம். எங்களுக்குள் பேசும்போது மாநிலத்தின் பெயரே வராது. "ஆத்துக்கு அந்தாண்ட", "ஆத்துக்கு இந்தாண்ட" என்போம். எது அந்தாண்ட என்பது பேசுகிறவர் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ரொம்ப நாள் தடுமாறுவார்கள்.

வீடு பார்க்கக் குடும்பத்தோடு வருவதென்றால் சனிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். வெள்ளி என்றால் எனக்குக் கோயில் கணக்கு வேலை, ஞாயிறு என்றால் அக்கா வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ரயிலில் பாரிட் புந்தாரில் இறங்கிச் சொல்லுங்கள், மோட்டாரை வீட்டில் போட்டுவிட்டுக் காரோடு வருகிறேன். காரில் 'கே' என்று இருக்கும். குழம்ப வேண்டாம், அது மாமாவுடையது.